ஐந்தாம் பெட்டி வரவில்லை

கண்டோன்மென்ட் கூட்ஸ் ஷெட்டில்
மார்கழித் தூறலில் நனைந்துகொண்டிருந்தன
ஆறு பெட்டிகள்.
ரசீதில் ஏழு.
ஸ்டோர் கீப்பர் நஞ்சுண்டய்யா மூன்று தரம் எண்ணினார்,
கன்னடத்தில் யாரையோ திட்டினார்,
பிறகு ஏழு என்றே கையெழுத்துப் போட்டார்.

தோற்ற நாட்டின் லேத் என்றார்கள்.
ஜெயித்தவர்கள் தொழிற்சாலைகளைக் கழற்றிப்
பங்கு போட்டதில்
நம் பக்கம் விழுந்த துண்டு,
சண்டைக்கு ஆள் அனுப்பியதற்காக.
அனுப்பிய ஆளில் ஒருத்தன்
அல்சூரில் என் அடுத்த வீட்டு தேவசகாயம்.
அவன் வீட்டுக்குப் பெட்டி எதுவும் வரவில்லை.
ஒரு தந்தி வந்தது.

பலகையைப் பெயர்த்ததும் எண்ணெய் வாசனை,
நம் எண்ணெய் இல்லை.
குனிந்து அடிப்பாதத்தைப் பார்த்தேன்.
போல்ட்டைக் கழற்றவில்லை,
கேஸ் வைத்து அறுத்திருந்தார்கள்.
நான்கு மூலையிலும் கருகிய மொட்டைகள்.
ஸ்பானர் தேட நேரமில்லாதவன் செய்த வேலை,
அல்லது
ஸ்பானர் தரமாட்டேன் என்றவன்
பக்கத்தில் நின்றபோது செய்த வேலை.

எனக்கு அந்த வேலை தெரியும்.
நாற்பத்திரண்டில் ஒரு கிளைப்பாதையைப் பெயர்த்துக்
கப்பலேற்றினார்கள், பாலைவனத்துச் சண்டைக்கு.
நாளுக்குப் பன்னிரண்டணா.
முப்பது மைல் தண்டவாளத்தை என் கையும் கழற்றியது.
கடைசி ஸ்டேஷனின் மாஸ்டர்
அதற்குப் பிறகும் ஒரு வாரம் வந்து
சிக்னல் விளக்கைத் துடைத்துவிட்டுப் போனார்.
நாங்கள் சிரித்தோம்.

சீவல் தட்டில் ஒரே ஒரு சுருள்,
நீலம் ஓடிய எஃகு.
அவன் கடைசியாகக் கடைந்தது.
பீரங்கிக்கா, பால் பண்ணைக்கா,
சுருளைக் கேட்டால் சொல்லுமா.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்,
விரலைக் கிழித்தது.

கியர் பெட்டி மூடியின் உட்புறம்
பென்சிலில் இரண்டு வரி.
நடுவில் ஒரு 3,
அடியில் அழுத்தி இரண்டு கோடு.
யாருக்கும் படிக்கத் தெரியவில்லை.
‘சாபம்தான்’ என்றான் கிரேன் ஓட்டும் குலாம் தஸ்தகீர்.
‘நானாயிருந்தா அதைத்தான் எழுதுவேன்.’
ஃபோர்மேன் பெயின்ட் அடிக்கச் சொன்னார்.
அடித்தேன். பச்சை.

வராத பெட்டியில் இருந்தது லீட் ஸ்க்ரூ.
அது எந்தத் துறைமுகத்தில் இறங்கியதோ.
அங்கேயும் ஒரு ஃபிட்டர் அதைப் புரட்டிப் புரட்டி,
எந்த மிருகத்தின் முதுகெலும்பு இது என்று
பீடி பற்றவைத்திருப்பான்.
பதினொரு வாரம் கழித்து
நாங்களே ஒன்று கடைந்தோம்.
சரியாகத்தான் வந்தது, முக்கால்வாசி.

சித்திரையில் ஓட விட்டோம்.
தேங்காய் உடைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள்.
மூன்றாவது கியர் விழ மறுத்தது.
போட்டால் உதறும்.
அப்ரன்டிஸ் பையன் முனிரத்தினத்தின்
நகம் ஒன்று அதில் போயிற்று.
நான்காம் நாள்
நினைக்காமலே கைப்பிடியை அரை அங்குலம் தூக்கித்
தள்ளினேன்.
விழுந்தது.
தயிரில் கரண்டி இறங்குகிற மாதிரி.

அப்போதுதான் அந்த 3.
அந்த இரண்டு கோடு.

ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் சைக்கிள் எடுக்கப் போனபின்
மூடியைத் திறந்து பிளேடால் சுரண்டினேன்.
பெயின்ட்டோடு பென்சிலும் வந்துவிட்டது.
பச்சைத் தூளில் எழுத்து எது.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து
அதே இடத்தில் எழுதினேன்:
மூணாவதுக்குக் கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கிப் போடு.
ஊர், பேர், தேதி போடவில்லை.
படிக்கத் தெரிந்தவனுக்குத்தான் போகும் என்று
என்ன உறுதி.

மூடியைப் பூட்டினேன்.
புதிதாக இறக்கிய அடிப்பாத போல்ட்டுகளை
ஒவ்வொன்றாக இன்னொரு கால் சுற்று முறுக்கினேன்.

ஸ்பானரை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.